இருபத்துநாலு வீடு, ஒரு வருடம்: எல்லைப்புறச் சபைகள் நற்செய்தி சொல்லும் முறை

மார்த்தாண்டத்தில் பேருந்து ஏறி களியக்காவிளை வரை போகிறவர், வழியில் தெரியும் ஆலயங்களை எண்ணத் தொடங்கினால் குழித்துறை தாண்டுமுன் கணக்கு தப்பிவிடும். சி.எஸ்.ஐ., கத்தோலிக்கம், மலங்கரை, இரட்சணிய சேனை, லுத்தரன், பெந்தெகொஸ்தே என்று விளைக்கு விளை ஒரு சபை. குமரி மாவட்டத்து விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் இயேசு என்ற பெயரைக் கேட்டிராத வீடு கிடையாது என்றே சொல்லலாம். எல்லை தாண்டி, கேரளத்துப் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கமும் அப்படித்தான். ஆகவே இங்கே சபைகளின் குறை, செய்தி எட்டாதது இல்லை. தெரிந்த முகம் ஒன்று வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, அவசரம் இல்லாமல் பேசாததுதான் குறை.

பெரும்பாலான சபைகள் நற்செய்திப் பணிக்கென்று ஒதுக்கும் பணம் மூன்று இரவுக் கூட்டத்தில் கரைகிறது. பந்தல், ஒலிபெருக்கி, விளக்கு, சுவரொட்டி, வெளியூர்ப் பிரசங்கியாருக்கு வழிச்செலவு. முன்வரிசையில் இருப்பவர்கள் பக்கத்துச் சபைக்காரர்கள். கடைசி இரவு கைதூக்கியவர்களிடம் பெயரும் விலாசமும் எழுதி வாங்கிய அட்டைகள் செயலரின் மேசை அறையில் தூங்கும். கன்வென்ஷன் வேண்டாம் என்று சொல்லவில்லை. சபையாருக்கு அது உற்சாகம் தரும், அதற்காக நடத்துங்கள். ஆனால் அட்டையில் பெயர் எழுதியவர் வீட்டுக்கு மூன்று நாளுக்குள் ஆள் போக ஏற்பாடு இல்லாவிட்டால், அட்டை கொடுக்கவே கொடுக்காதீர்கள். எழுதி வாங்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இருப்பது அவரை ஏமாற்றுவதாகும். அடுத்த முறை அவர் கைதூக்க மாட்டார்.

இந்த மண்ணில் நற்செய்தி முதலில் எப்படி வேர் பிடித்தது என்று பாருங்கள். மயிலாடிக்காரரான மகாராசன் வேதமாணிக்கம் சிதம்பரத்துக்கு யாத்திரை போனவர். திரும்பும் வழியில் தஞ்சாவூரில் தம் உறவினர்கள் மூலமாகக் கிறிஸ்துவைப் பற்றிக் கேட்டார், ஞானஸ்நானம் பெற்றார், ஊருக்கு வந்து தம் சொந்தக்காரர்களிடம் சொன்னார். 1806ல் ரிங்கல்தௌபே ஐயர் திருவிதாங்கூருக்குள் வந்தபோது மயிலாடியில் ஒரு சிறு கூட்டம் ஏற்கெனவே காத்திருந்தது. உறவுக்காரர் உறவுக்காரரிடம் சொன்னது முதலில், மிஷனெரி அதற்குப் பிறகு. இன்றும் அதே வரிசைதான் பலிக்கிறது. கீழே உள்ள முறை முழுவதும் அதன்மேல் கட்டப்பட்டது.

ஆள் சேர்ப்பது

பன்னிரண்டு பேர் போதும். இருவர் இருவராக ஆறு ஜோடி. ஒரு ஜோடிக்கு நாலு வீடு. மொத்தம் இருபத்துநாலு வீடு. ஐந்நூறு குடும்பம் உள்ள சபையானாலும் முதல் வருடம் இதற்கு மேல் போகாதீர்கள். ஒரு ஜோடிக்குப் பத்து வீடு கொடுத்தால் மூன்றாம் மாதத்தில் எல்லா வீட்டுக்கும் போவது நின்று, போகச் சுலபமான இரண்டு வீடு மட்டும் மிஞ்சும்.

ஜோடியில் ஒருவர் வயதில் மூத்தவர், ஒருவர் இளையவர். பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்குப் பெண்கள் ஜோடி போகட்டும். கணவன் மனைவி ஜோடி எங்கும் போகலாம். சபைக் கமிட்டி உறுப்பினர்களைப் பதவிக்காகச் சேர்க்காதீர்கள். நன்றாகப் பேசுகிறவரைத் தேடுவதைவிட, பேசவிட்டுக் கேட்கிறவரைத் தேடுங்கள். அண்டி ஆபீசில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து முந்திரி உடைக்கும் அக்காவுக்கு, போதகருக்குத் தெரியாத வீட்டுக் கதை நூறு தெரியும். அவர்தான் உங்களுக்கு வேண்டிய ஆள்.

வீடுகளைத் தேர்ந்தெடுக்கச் சபைப் பதிவேட்டில் தொடங்க வேண்டாம். பன்னிரண்டு பேரும் ஒரு தாளில், கடந்த ஒரு மாதத்தில் தாங்கள் உண்மையாகவே பேசிப் பழகிய, கிறிஸ்து விசுவாசத்துக்கு வெளியே இருக்கும் வீடுகளை எழுதட்டும். பால் கொடுக்கும் வீடு, ஆட்டோ ஓட்டும் அண்ணன், பிள்ளையின் டியூஷன் டீச்சர், ஒரே தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர். சிலருக்குத் தாளில் எழுத ஒரு பெயர்கூட வராது. தலைமுறை தலைமுறையாகச் சபைக்குள்ளேயே பெண் எடுத்துப் பெண் கொடுத்து, சபைக்காரர் கடையிலேயே சாமான் வாங்கிப் பழகியதால் வந்த நிலை அது. அவர்களைத் திட்டாதீர்கள். முதல் மூன்று மாதம் ஒரே வேலை கொடுங்கள்: வேறு கடை, வேறு சாயாக்கடை, வேறு நடைபாதை.

இன்னொரு சபைக்குப் போகிற வீட்டைப் பட்டியலில் சேர்க்கவே கூடாது. சி.எஸ்.ஐ.யிலிருந்து பத்துக் குடும்பம் பெந்தெகொஸ்தே சபைக்குப் போனால் அங்கே வளர்ச்சி என்கிறார்கள், இங்கே பின்மாற்றம் என்கிறார்கள். ஊரில் விசுவாசிகளின் எண்ணிக்கையில் ஒன்றும் கூடவில்லை, பகை மட்டும் கூடியது. ஞானஸ்நானம் பெற்று எந்த ஆலயத்துக்கும் போகாமல் பல வருடமாக வீட்டில் இருப்பவர்களைச் சேர்க்கலாம். அவர்கள் பழைய சபையின் போதகருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சேருங்கள்.

போகும் நேரம்

பால் வெட்டுகிறவர் விடியுமுன் எழுந்து தோட்டத்துக்குப் போவார். பால் எடுத்து, உறைய வைத்து, ஷீட் அடித்து முடிய மதியம் ஆகும். பிறகு சாப்பிட்டுப் படுப்பார். அவர் வீட்டுக்கு மாலை நாலரைக்கும் ஆறுக்கும் இடையில் போங்கள். இரவு எட்டுக்கு மேல் போய் ஜெபக்கூட்டம் வைத்தால், மறுநாள் அவர் கண் எரிச்சலோடு கத்தி பிடிக்க வேண்டும். முந்திரி ஆலைப் பெண்களுக்கு ஞாயிறு பிற்பகல். மேற்குக் கடற்கரையில் விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அப்போது படகுத் தொழிலாளிகள் வீட்டில் இருப்பார்கள். அந்த மாதங்களில் மழையால் ரப்பர் வெட்டும் விட்டுவிட்டு நடக்கும். பேச நேரம் இருக்கும், கையில் காசு இருக்காது. ஆகவே அப்போது எந்தக் காணிக்கை உறையும் எந்த நிதி டிக்கெட்டும் அந்த வீடுகளுக்குப் போகக் கூடாது என்று கமிட்டியில் தீர்மானமாகவே எழுதி வையுங்கள்.

ரப்பர் மரம் இலை உதிர்ந்து வெட்டு நிற்கும் மாதங்களிலும் இதே நிலைதான்.

வீட்டுக்குள்

ஒரு சந்திப்பு அரைமணி நேரத்துக்கு மேல் வேண்டாம். மாதம் இரண்டு முறை. முதல் மூன்று முறை வேதப்புத்தகம் கையில் வேண்டாம், பையிலும் வேண்டாம். கறுப்பு அட்டைப் புத்தகத்தைக் கண்டதும் வீட்டுக்காரர் பேச்சை மாற்றி, ‘எதுக்கு வந்திய?’ என்று முகத்தைச் சுருக்குவார். வெறுங்கையோடு போய் உட்கார்ந்தால் மாட்டைப் பற்றியும் மகளின் பரீட்சையைப் பற்றியும் பேசுவார். அதைக் கேட்கத்தான் போகிறீர்கள்.

கட்டன் சாயா கொடுத்தால் குடியுங்கள். எந்த சாதி வீடானாலும் குடியுங்கள். அங்கே நீங்கள் குடிக்கும் விதத்தை வீட்டார் பார்க்கிறார்கள். பூஜைப் பிரசாதம் நீட்டினால், கைகூப்பி, ‘மாமி, மனசு நோகாதீங்க, இதை நான் எடுக்கிறதில்லை, ஆனா உங்க கையால ஒரு சாயா குடிச்சிட்டுத்தான் போவேன்’ என்று சொல்லலாம். முகத்தைத் திருப்புவதும், பாடம் நடத்துவதும், எடுத்துக்கொண்டு வெளியில் எறிவதும் கூடாது. மூன்றுமே ஊர் முழுக்கப் பரவும்.

கிளம்பும் நேரத்தில் கேளுங்கள்: ‘அக்கா, போகும்முன்ன உங்களுக்காக ஒரு நிமிஷம் ஜெபிக்கட்டுமா?’ ‘வேண்டாம் மக்களே’ என்றால் சரி என்று சிரித்துவிட்டு வாருங்கள். அடுத்த முறை கேட்காதீர்கள். மூன்று மாதம் கழித்துக் கேளுங்கள். சரி என்றால், பேசும் குரலிலேயே, இரண்டு நிமிடத்துக்குள், அவர் சொன்ன காரியங்களை மட்டும் சொல்லி ஜெபியுங்கள். அவர் பிள்ளையின் பெயரைச் சரியாகச் சொல்லுங்கள். அடுத்த வீட்டுக்குக் கேட்கும் சத்தத்தில் ஜெபித்தால், ‘அந்த வீட்டில் மதம் மாத்துறாங்க’ என்ற பேச்சு சாயங்காலமே சந்தைக்குப் போய்ச் சேரும். அதன் விலையை அந்த வீட்டார்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.

வெளியே வந்து, தெரு திரும்பியபின், ஒரு நோட்டில் எழுதுங்கள். நாலு பத்தி: தேதி, வீட்டார் பெயர்கள், அவர்கள் சொன்ன கவலை, அடுத்த முறை கேட்க வேண்டியது. ‘மகனுக்குக் கழுத்தில் கட்டி, நெய்யூர் ஆஸ்பத்திரியில் செவ்வாய் காட்டுகிறார்கள்’ என்று எழுதியிருந்தால் புதன்கிழமை விசாரிக்கத் தோன்றும். எழுதாவிட்டால் மறந்துவிடும். வீட்டார் முன்னால் எழுதாதீர்கள். நோட்டை யாருக்கும் காட்டாதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் ‘ஜெபக்குறிப்பு’ என்று போடாதீர்கள். ஒரு குடும்பத்தின் கடன் தகராறு குழுவில் போய், அங்கிருந்து அந்தக் குடும்பத்துக்கே திரும்பி வந்தால் அந்த வீட்டுக் கதவு இனித் திறக்காது.

நட்டாலத்து தேவசகாயத்தை எண்ணிப் பாருங்கள். குளச்சலில் 1741ல் பிடிபட்ட டச்சுக் கம்பெனிப் படைத்தளபதி டிலனாய், மார்த்தாண்ட வர்மாவின் படையில் சேர்ந்திருந்தார். அரண்மனை அலுவலரான நீலகண்ட பிள்ளை வீட்டுக் கஷ்டங்களால் சோர்ந்துபோய் இருந்ததைக் கண்டு காரணம் கேட்டு, யோபுவின் கதையைச் சொன்னார் என்பது மரபு. எல்லாம் இழந்த மனிதனின் கதை, இழந்துகொண்டிருந்த மனிதனுக்கு. 1745ல் வடக்கன்குளத்தில் அவர் தேவசகாயம் ஆனார்; 1752 ஜனவரி 14ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுடப்பட்டார்; 2022 மே 15ல் புனிதராக அறிவிக்கப்பட்டார். டிலனாய் பிரசங்கி இல்லை, படைக்காரர். முதலில் என்ன கஷ்டம் என்று கேட்டார். பிறகு அந்தக் கஷ்டத்துக்குப் பொருந்தும் கதையை எடுத்தார். உங்கள் ஜோடிகளுக்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடையாது.

சொல்லும் சொல்

எல்லையில் ஒரே சொல் இரண்டு பக்கமும் வேறு வேறு பொருள் தரும். பாறசாலைப் பக்கத்து அம்மா ஒருவர் ‘எனிக்கு வலிய விஷமம்’ என்றால் மனவேதனை என்று சொல்கிறார். திருநெல்வேலியிலிருந்து வந்த வாலிபருக்கு அது குறும்பு என்று கேட்கும். அவர் சிரித்துவிட்டால் அந்த வீட்டுக்குத் திரும்பப் போக முடியாது. தமிழில் ‘அவசரம்’ என்று நீங்கள் சொல்வது மலையாளக் காதில் வாய்ப்பு என்று விழும். ‘வெள்ளம்’ அவர்களுக்குக் குடிக்கும் தண்ணீர். கிணற்றடியில் சமாரியப் பெண்ணோடு இயேசு பேசிய பகுதியைத் தமிழில் ‘ஜீவத்தண்ணீர்’ என்று வாசிக்கிறோம்; மலையாள வேதத்தில் அது ‘ஜீவனுள்ள வெள்ளம்’. ஒவ்வொரு ஜோடியிலும் மலையாளம் வீட்டுமொழியாகப் பேசும் ஒருவராவது இருந்தால் பாதித் தொல்லை தீரும். இல்லாவிட்டால் இப்படிப்பட்ட இருபது சொற்களை ஒரு தாளில் எழுதி மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள்.

‘பாவம்’ என்ற சொல் அதைவிடச் சிக்கல். ‘அவள் ஒரு பாவம்’ என்றால் இங்கே சூதுவாது தெரியாத அப்பாவி. ‘பாவி’ என்றால் வசவு. ஆகவே ‘நாம் எல்லாரும் பாவிகள்’ என்று தொடங்கினால் கேட்கிறவர் மனதில் திட்டு மட்டும்தான் ஏறும். ‘கடவுளை விட்டு நம் வழியில் போய்விட்டோம், செய்யத் தெரிந்த நல்லதைச் செய்யவில்லை’ என்று வாக்கியமாகச் சொல்லுங்கள். இரட்சிப்பு, கிருபை, நீதிமான், பரிசுத்தாவியின் அபிஷேகம் இவை ஆலயத்துக்குள் அழகான சொற்கள்; திண்ணையில் பூட்டிய பெட்டிகள். கிருபையை ‘தகுதி பார்க்காமல் கிடைக்கிற அன்பு’ என்றும், மனந்திரும்புவதை ‘போன வழியை விட்டுத் திரும்பி வருவது’ என்றும் சொல்லலாம். ஒவ்வொரு பேச்சுக்கும் இடையில் ‘ஸ்தோத்திரம்’ போடும் பழக்கத்தையும் வாசலிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

தன் சாட்சியைச் சொல்லும் நேரம் ஒருநாள் வரும். மூன்று நிமிடம். முன்னே எப்படி இருந்தேன், கிறிஸ்துவை எப்படி அறிந்தேன், இப்போது என்ன மாறியது, இன்னும் எது மாறவில்லை. நாலாவது பகுதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் பேச்சு விளம்பரம்போல் ஆகிறது. கைக்கடிகாரம் வைத்து ஜோடிக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்க்கட்டும். பழைய பாவங்களைப் பெரிதாக்கிச் சொல்லும் ஆசையையும், பழைய தெய்வங்களைக் கேலி செய்யும் வழக்கத்தையும் அங்கேயே வெட்டிவிடுங்கள். சுகமானதைச் சொல்லும்போது மருத்துவர் பங்கைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஜெபித்தோம், மாத்திரையை நிறுத்தினோம் என்ற சாட்சி சர்க்கரை நோயாளியின் உயிரை எடுக்கும். நெய்யூரில் 1838ல் மருத்துவப்பணி தொடங்கிய மரபுள்ள நாட்டில், ஊசியும் ஜெபமும் சண்டை போட்டதில்லை.

மாற்கு, பதினேழு அமர்வு

நாலைந்து மாதத்தில் இருபத்துநாலு வீடுகளில் ஐந்தாறு வீட்டார் தாங்களாகவே கேட்கத் தொடங்குவார்கள் என்று எதிர்பார்த்துத் திட்டம் போடுங்கள். அவர்களோடு மாற்கு நற்செய்தியை வாசியுங்கள். நாலு நற்செய்திகளில் அதுதான் சிறியது, வேகமாக ஓடும். பதினாறு அதிகாரம். பதினாலாம் அதிகாரத்தில் எழுபத்திரண்டு வசனம் இருப்பதால் அதை இரண்டாகப் பிரியுங்கள். வாரம் ஒன்று, பதினேழு வாரம். இந்திய வேதாகமச் சங்கத்தின் தனி நற்செய்திப் பிரதிகளைத் தமிழிலும் மலையாளத்திலும் வாங்கி வையுங்கள். தொடக்கத்தில் தமிழ் நாற்பது, மலையாளம் இருபது போதும்.

வீட்டாரே வாசிக்கட்டும். வாசிக்கத் தெரியாத பாட்டா இருந்தால் பேரப்பிள்ளை வாசிக்கும். அது இன்னும் நல்லது. பிறகு மூன்றே கேள்வி. இதில் இயேசு என்ன செய்தார்? எந்த இடம் பிடித்தது, எந்த இடம் இடித்தது? இந்த வாரம் இதை வைத்து என்ன செய்யலாம்? நீங்கள் பதில் சொல்லும் நேரம் மொத்தத்தில் கால்பங்குக்கு மேல் போகக் கூடாது. பன்னிரண்டு வருடம் பெரும்பாடுள்ள (ஓயாத இரத்தப்போக்கு உள்ள) பெண், வைத்தியர்கள் பலரிடம் எல்லாவற்றையும் செலவழித்துவிட்டு வருகிற ஐந்தாம் அதிகாரத்தில் பெரும்பாலும் யாருக்காவது கண் கலங்கும். அங்கே விளக்கம் சொல்லிக் கெடுத்துவிடாதீர்கள். பதின்மூன்றாம் அதிகாரத்தில் கடைசிக்கால அடையாளங்கள் வரும். கூட வந்த இளையவர் அங்கே செய்தித்தாள் செய்திகளை எடுத்து அடுக்கத் துடிப்பார். அவரை நிறுத்தி, விழித்திருங்கள் என்ற கடைசிப் பகுதியோடு முடித்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை

ஆறு மாதம் பொறுமையாகக் கட்டியது ஒரே ஞாயிற்றில் இடியும். புதியவர் ஆலயத்துக்கு வரும் முதல் நாள், அவரை அழைத்த ஜோடி வாசலில் காத்திருந்து பக்கத்தில் உட்கார வேண்டும். பாடகர் குழுவில் இருந்தால் அன்று பாட வேண்டாம். செருப்பு எங்கே விட வேண்டும், எந்தப் பக்கம் பெண்கள், எப்போது எழுந்து நிற்க வேண்டும் என்று காதோடு சொல்ல ஆள் தேவை. பாட்டுப் புத்தகத்தில் எண்ணை எடுத்து அவர் கையில் கொடுங்கள். காணிக்கைப் பை வருமுன்னே ‘நீங்க போட வேண்டாம், இது நாங்க கொடுக்கிறது’ என்று சொல்லிவிடுங்கள். எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டி வரவேற்காதீர்கள். வெளியே தெரிய வேண்டாம் என்று நினைத்து வந்தவர் அந்த நிமிடமே முடிவு செய்துவிடுவார், இனி வருவதில்லை என்று.

‘இது எங்க குடும்பம் உட்காருற பெஞ்சு’ என்று யாராவது சொன்னால் போதகர் அந்த வாரமே அவர் வீட்டுக்குப் போய்ப் பேச வேண்டும். சபை வரி, கட்டட நிதி, அறுப்பின் பண்டிகை ஏலம் இவற்றின் பட்டியலில் புதியவர் பெயர் முதல் வருடம் வரக் கூடாது.

சாதியைப் பற்றி மறைக்காமல் எழுத வேண்டும், ஏனென்றால் எல்லைப்புறத்தில் சபைகளின் சாட்சியை இதைப்போலக் கெடுப்பது வேறொன்றும் இல்லை. மார்பை மறைக்கும் தோள்சீலைக்காகப் பெண்கள் அடிபட்டு, 1859ல் திருவிதாங்கூர் அரசாணை வாங்கிய மக்களின் பேரப்பிள்ளைகள் இங்கே பெஞ்சில் இருக்கிறார்கள். அவர்களே இன்னொருவரைப் பார்த்து ‘அவங்க சபை வேற’ என்று சொல்கிற இடங்கள் உண்டு. புதியவர் மூன்று காரியங்களைப் பார்ப்பார். திருவிருந்துப் பந்தியில் தன் பக்கத்தில் யார் முழங்காலிடுகிறார்கள். அசனத்தில் தன்னோடு யார் சாப்பிடுகிறார்கள். செத்தால் கல்லறைத் தோட்டத்தில் தனக்கு எந்த மூலை. இந்த மூன்றுக்கும் சபை நேராகப் பதில் சொல்ல முடியாவிட்டால், வீடு சந்திப்பை நிறுத்திவிட்டு முதலில் கமிட்டியில் இதை முடியுங்கள். இல்லாத ஐக்கியத்துக்கு ஆளை அழைப்பது பொய்.

ஞானஸ்நானத்துக்கு முன்

கேட்டவுடன் கொடுக்காதீர்கள். ஆறு மாதம், ஏறக்குறைய இருபது பாடம்: விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், பத்துக் கட்டளை, ஞானஸ்நானம், திருவிருந்து, தனியாக வேதம் வாசிப்பது. இவற்றைப் பழைய முறைப்படியே சொல்லிக்கொடுக்கலாம். பல சபைகள் விட்டுவிடுவது குடும்பத்தைப் பற்றிய பாடங்களை. அப்பா இறந்தால் மூத்த மகன் என்ன செய்வது? பதினாறாம் நாள் சடங்குக்கு நிற்கலாமா? அண்ணன் வீட்டு ஓண விருந்துக்குப் போகலாமா? இவற்றை முன்கூட்டியே பேசி வைக்காதவர், துக்க வீட்டில் வைத்துத் தன் தாயோடு சண்டை போடுவார். தோள் கொடுக்கவும், பந்தல் போடவும், சோறு பரிமாறவும், அழவும் எந்தத் தடையும் இல்லை. எங்கே நிறுத்திக்கொள்வது என்று போதகரோடு உட்கார்ந்து அவரே தீர்மானிக்கட்டும்.

பட்டியல் சாதியைச் சேர்ந்தவரிடம் இன்னொன்றையும் கட்டாயம் சொல்ல வேண்டும். 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணைப்படி இந்துக்களுக்கும், 1956 முதல் சீக்கியருக்கும், 1990 முதல் பௌத்தருக்கும்தான் அந்தத் தகுதி உண்டு. கிறிஸ்தவரானால் தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார். பிள்ளையின் படிப்பு, வேலை, உதவித்தொகை எல்லாம் இதில் தொங்குகின்றன. இது நியாயமற்ற சட்டம் என்று நீங்கள் கருதலாம். நாங்களும் அப்படியே கருதுகிறோம். ஆனாலும் ஞானஸ்நானத்துக்கு முன்பே சொல்லுங்கள், பின்பு இல்லை. பெயரை மாற்றாமல் சான்றிதழைக் காப்பாற்றிக்கொள்ள யோசனை சொல்லும் சபைகள், விசுவாச வாழ்வின் முதல் நாளிலேயே அவருக்குப் பொய்யைக் கற்றுக்கொடுக்கின்றன.

பதினெட்டு வயதுக்குக் குறைந்தவருக்குப் பெற்றோர் இருவரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் எதுவும் வேண்டாம். கோடை விடுமுறை வேதாகமப் பள்ளிக்கும் இதே விதி: சபைக்கு வெளியே இருந்து வரும் பிள்ளையின் அம்மாவிடம் என்ன பாட்டு, என்ன கதை என்று சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். ஞானஸ்நானப் படத்தை முகநூலில் போடும் ஆசை வாலிபர் ஐக்கியத்துக்கு வரும். அனுமதிக்காதீர்கள்.

உதவியையும் உபதேசத்தையும் ஒரே பையில் வைக்காதீர்கள். அரிசி கொடுக்கிற நாளில் பிரசங்கம் வேண்டாம். பிரசங்கம் நடக்கிற நாளில் அரிசி வேண்டாம். 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. வழியாக ஸ்பென்சர் ஹாட்ச் தேனீ வளர்ப்பு சொல்லிக்கொடுத்தபோது எல்லா சாதி, மதத்து வீட்டிலும் தேன்பெட்டி போனது. அந்தத் தேன் இன்றும் ஊருக்குச் சோறு போடுகிறது.

சட்டமும் ஊர் அமைதியும்

அரசியல் சட்டத்தின் 25ஆம் பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமை தருகிறது. அது தன் விசுவாசத்தை எடுத்துச் சொல்லும் உரிமை, இன்னொருவரை மாற்றும் உரிமை இல்லை என்று 1977ல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. பணம், மிரட்டல், ஏமாற்று இவற்றின் நிழல்கூட விழாமல் வேலை செய்ய இதுவே போதுமான காரணம். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது. மற்ற நேரத்திலும் காவல் நிலைய அனுமதி வேண்டும். ஆலயக் கூரையில் நாலு திசைக்கும் கட்டிய குழல்களை இறக்கிவிட்டு உள்ளே பெட்டி வைத்தால் அயலார் நன்றி கிடைக்கும்.

1982ல் மண்டைக்காட்டில் நடந்த இந்து-கிறிஸ்தவக் கலவரம் எல்லாக் குடும்பத்துக்கும் நினைவிருக்கிறது. மண்டைக்காடு மாசிக்கொடை, கொல்லங்கோடு தூக்கம் போன்ற விழா நாட்களில் அந்தப் பக்கம் கைப்பிரதி, ஊர்வலம், தெருப்பிரசங்கம் எதுவும் வைக்காதீர்கள். தண்ணீர்ப் பந்தல் போட்டால் தண்ணீர் மட்டும் கொடுங்கள், டம்ளரில் வசனம் ஒட்டாமல்.

கணக்குப் பார்ப்பது

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆறு ஜோடியும் போதகரோடு இரண்டு மணி நேரம் உட்காரட்டும். நாலு எண் மட்டும் கேளுங்கள்: எத்தனை வீட்டுக்கு ஆறு முறையும் போனீர்கள்; எத்தனை வீட்டில் மாற்கு வாசிக்கிறார்கள்; எத்தனை பேர் ஆராதனைக்கு வருகிறார்கள்; ஞானஸ்நானம் பெற்று ஒரு வருடம் கழிந்தும் எத்தனை பேர் நிலைத்திருக்கிறார்கள். நாலாவதுதான் முக்கியம், அதைக் கேட்க இரண்டு வருடம் ஆகும். எந்த எண்ணையும் பீடத்திலிருந்து வாசிக்காதீர்கள். வாசித்தால் அடுத்த காலாண்டில் எண் கூடும், உண்மை குறையும். ஒரு ஜோடி சோர்ந்திருந்தால் பெரும்பாலும் காரணம் ஒன்றே: பேச்சாளரான ஒருவர் பேசிக்கொண்டே இருக்கிறார், மற்றவர் சுமை தூக்குகிறார். ஜோடியை மாற்றுங்கள்.

வருட முடிவில் சில வீடுகள் தெளிவாக வேண்டாம் என்று சொல்லியிருக்கும். நோட்டில் அந்தப் பக்கத்தைக் கிழிக்காதீர்கள். கிறிஸ்மஸுக்குக் கேக்கோடு போங்கள், பால் காய்ச்சும் வீட்டுக்குக் குத்துவிளக்குக்குப் பதில் ஒரு வாழைக்குலையோடு போங்கள், பாட்டா படுத்த படுக்கையானால் ராத்திரி காவலிருக்கப் போங்கள். அங்கே ஜெபிக்கட்டுமா என்று கேட்க வேண்டாம். அவர்களே கேட்டால் இரண்டு நிமிடம்.